கார் சஸ்பென்ஷன் மேம்பாட்டின் வரலாறு

கார் சஸ்பென்ஷன் மேம்பாடு என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வில்களையும் அதிர்வுத் தணிப்பான்களையும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளையும் காரின் உரிமையாளர் தம் கையாலோ பட்டறை வழியாகவோ வேறு வகைக்கு மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். இன்று இது பந்தய ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவே பார்க்கப்படுகிறது. மோட்டார் வாகன வரலாற்றின் முதல் முப்பது ஆண்டுகளில் நிலைமை வேறாக இருந்தது. அப்போது பெரும்பாலான கார்கள் அதிர்வுத் தணிப்பான் இல்லாமலேயே விற்கப்பட்டன. வேண்டியவர் கடையில் தனியாக வாங்கிப் பூட்டிக்கொண்டார். அவ்வாறு வெளியில் வாங்கிப் பூட்டியவையே பின்னர் தொழிற்சாலையின் வழக்கமாயின. ஒவ்வொரு முறை அப்படி நேர்ந்தபோதும், அடுத்த மாற்றத்தை வீட்டிலேயே செய்துகொள்வது முன்பைவிடக் கடினமாயிற்று.

வில் வண்டியிலிருந்து

தமிழகத்தில் வசதியுள்ளவர்கள் பயணம் செய்த மாட்டு வண்டிக்கு 'வில் வண்டி' என்று பெயர். அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்ததால் வந்த பெயர் அது. ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் இருந்ததும் இதே வில்பட்டைதான். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள்வட்ட வடிவ வில்பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் மோட்டார் கார்களைச் செய்தவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு இயந்திரத்தை ஏற்றினார்கள்; வில்பட்டையை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

குதிரையின் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வில் என்பது மேட்டின் அடியை வாங்கிக்கொண்டு, வாங்கியதைத் திருப்பித் தரும் பொருள். மெதுவாகச் செல்லும் வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே அந்தத் துள்ளல் அடங்கிவிடும். மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் அது அடங்குவதில்லை. ஒரு மேட்டின் ஆட்டம் நிற்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேலும், இந்த உராய்வை நம்பவும் முடியாது. பட்டைகளில் துரு ஏறினால் கூடும். எண்ணெயோ மழைநீரோ பட்டால் குறையும். சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் பிடிமானம் இல்லை. பின் இருக்கையில் இருப்பவர் தூக்கி எறியப்படுவது வெறும் வசதிக்குறைவு. முன்சக்கரம் தரையில் இல்லாதது உயிர் ஆபத்து. இந்த இரண்டு குறைகளையும் ஒரே கருவி தீர்க்க வேண்டியிருந்தது.

துணைக்கருவியாக வந்த தணிப்பான்

மெக்கானிக்குகள் ஷாக் அப்சார்பர் அல்லது சுருக்கமாக 'ஷாக்' என்று சொல்வது இந்தத் தணிப்பானைத்தான். பெயர் சற்று ஏமாற்றக்கூடியது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். அதன் பிறகு வில் ஆடும் ஆட்டத்தை அடக்கி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே தணிப்பானின் வேலை.

பிரெஞ்சுக்காரரான ஜூல் த்ருஃபோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உராய்வுத் தணிப்பானை உருவாக்கினார். கத்தரிக்கோலைப் போல் இணைந்த இரண்டு கைகள். அவை சேரும் இடத்தில் அழுத்திப் பூட்டப்பட்ட உராய்வுத் தகடுகள். ஒரு கையின் முனை அச்சிலும் மற்றொன்றின் முனை சட்டத்திலும் பூட்டப்படும். அமெரிக்கரான எட்வர்டு ஹார்ட்ஃபோர்டு இதன் உரிமையைப் பெற்றுத் தம் நாட்டில் தயாரித்து விற்றார். நடுவிலுள்ள திருகை இறுக்கினால் தணிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். அந்த வகையில், கார் உரிமையாளர் தம் கையால் சரிசெய்யக்கூடிய முதல் சஸ்பென்ஷன் உறுப்பு இதுவே எனலாம். பிரிட்டனில் ஆந்த்ரே நிறுவனம் இதை விற்றது. 1930களில் அது 'டெலிகன்ட்ரோல்' என்ற வகையை வெளியிட்டது. அதில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே தணிப்பின் இறுக்கத்தை மாற்றலாம். இன்றைய கார்களில் 'கம்ஃபர்ட்', 'ஸ்போர்ட்' என்று பொத்தான் வைத்து விற்கப்படும் வசதியின் மூதாதை அது.

உராய்வுத் தகடுகளுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. சிறு மேட்டில் அவை நகராமல் ஒட்டிக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் நகரத் தொடங்கியபின், வேகம் எவ்வளவு கூடினாலும் அதே அளவு தடையைத்தான் தரும். வேண்டியது இதற்கு நேர் எதிரானது: மெல்லிய அசைவை விட்டுக்கொடுத்து, வேகமான அசைவைத் தடுக்கும் கருவி. எண்ணெய் அதைச் செய்யும். சிறு துளை வழியாக எண்ணெயை மெதுவாகத் தள்ளினால் எளிதில் போகும். வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். பிரான்சில் மோரிஸ் ஹூடாய் 1908ஆம் ஆண்டளவில் இந்தத் தத்துவத்தில் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவியில் ஒரு நெம்புகோல், எண்ணெய் நிறைந்த வட்டக் கூட்டுக்குள் தகடுகளைச் சுழற்றும்.

இதற்கிடையே அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரைச் சேர்ந்த கிளாட் ஃபாஸ்டர் முற்றிலும் வேறான ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவைக் கொண்டு இசைக்கும் கார் ஊதுகொம்பு அவருடைய முதல் வெற்றி. விவிலிய மரபில் எக்காளத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வானதூதரின் பெயரால் அதற்கு 'கேப்ரியல்' என்று பெயரிட்டார். அடுத்து அவர் செய்தது 'ஸ்னப்பர்' என்ற கருவி. சிறு பெட்டிக்குள் ஒரு பட்டைவார் சுருண்டிருக்கும். சக்கரம் மேலே எழும்போது வார் தானாகச் சுருண்டுகொள்ளும். வில் திருப்பி உதைக்கும்போது வார் இழுபட்டு, உராய்வால் அதைத் தடுக்கும். பயணியைத் தூக்கி எறிவது வில்லின் திரும்பும் உதைதான் என்பதை இது சரியாகப் பிடித்திருந்தது. எடை குறைவு, பூட்டுவதும் எளிது.

இத்தகைய கருவிகளுக்கு மிகப் பெரிய சந்தையாக அமைந்தது ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் தயாரான இந்தக் காரில் முன்னும் பின்னும் குறுக்காக வைத்த ஒவ்வொரு வில்பட்டை மட்டுமே இருந்தது, தணிப்பான் கிடையாது. விலையைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட ஹென்றி ஃபோர்டு அதைச் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு துணைத்தொழில் வளர்ந்தது. அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் மாடல் டிக்கு உரிய 'ஷாக் அப்சார்பர்கள்' பக்கம் பக்கமாக வந்தன. அவற்றில் பெயர்பெற்ற ஹாஸ்லர் கருவி உண்மையில் தணிப்பானே அல்ல; கூடுதல் சுருள்வில் மட்டுமே. வில்லோடு இன்னொரு வில்லைச் சேர்த்தால் ஆட்டம் மாறுமே தவிர அடங்காது. ஆயினும் மக்கள் வாங்கினார்கள். ஒரு ஸ்பேனரும் ஒரு பிற்பகலும் இருந்தால் பூட்டிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி.

1927 டிசம்பரில் மாடல் டியின் இடத்துக்கு வந்த மாடல் ஏ, ஹூடாய் வகை எண்ணெய்த் தணிப்பான்களைத் தொழிற்சாலையிலிருந்தே கொண்டு வந்தது. விலை மலிவான கார் ஒன்று அவற்றை வழக்கமான உறுப்பாகத் தந்தபின், துணைக்கருவி விற்றவர்களின் பழைய சந்தை சுருங்கியது. அவர்களில் பலர் கார் நிறுவனங்களுக்கு உறுப்பு செய்து கொடுப்பவர்களாக மாறினர்.

ஓலியின் ஆய்வு

இதுவரை எல்லாமே அனுபவத்தால் செய்துபார்த்த வேலை. அதை அளந்து பார்த்தவர் மோரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இந்தப் பிரிட்டன் பொறியாளர் 1930இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டு, அவற்றை இடம் மாற்றியும் வில்களின் மென்மையை மாற்றியும் ஓட்டிப் பார்க்கும் ஊர்தி ஒன்றை அமைத்தார்.

கிடைத்த முடிவு அன்றைய வழக்கத்துக்கு நேர்மாறானது. அக்காலக் கார்களில் முன்வில்கள் கடினமாகவும் பின்வில்கள் மென்மையாகவும் இருந்தன. மேட்டைக் கடக்கும்போது முன்பக்கம் முதலில் எழுகிறது; பின்பக்கம் சற்றுத் தாமதித்து எழுகிறது. பின்பக்கத்தின் ஆட்டம் சற்று வேகமாக இருந்தால்தான் அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, கார் ஊஞ்சலாடாமல் மட்டமாகச் செல்லும். ஆகவே முன்வில்லே மென்மையாக இருக்க வேண்டும். ஆனால் இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சில் வைத்துக்கொண்டு வில்லை மென்மையாக்கினால் சக்கரங்கள் கடுமையாக உதறின. இரண்டையும் தனித்தனியே தொங்கவிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தனித்தனி முன் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது.

இன்று காரை மேம்படுத்துபவர் பலர் அறியாமல் குலைப்பது இந்தக் கணக்கைத்தான். முன்வில்லை மட்டும் கடினமாக்கினால் கார் 1934க்கு முந்தைய ஊஞ்சலுக்குத் திரும்பிவிடும்.

கொட்டகைகளும் சிறப்புப் பட்டறைகளும்

அமெரிக்காவில் தொழிற்சாலை முந்திக்கொண்டபோது, பிரிட்டனில் மலிவான கார்கள் 1950கள் வரை ஒற்றை இரும்பு அச்சிலேயே ஓடின. சிறப்புப் பட்டறை என்ற தொழில் அங்கே வேரூன்றியதற்கு இது ஒரு காரணம். லெஸ்லி பலாமி 1930களில் செய்த மாற்றம் துணிச்சலானது. ஃபோர்டு காரின் முன் அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய முனைகளைக் கீல் வைத்துச் சட்டத்தில் பூட்டினார். ஒரே அச்சு, தனித்தனியே அசையும் இரு கைகளாயிற்று. புதிய உறுப்பு மிகக் குறைவு, செலவும் குறைவு. சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வு பெரிதும் மாறியது இதன் பெருங்குறை. இருந்தும் அலார்டு கார்கள் இந்த முறையை ஏற்றன. காலின் சாப்மன் தம் தொடக்ககால லோட்டஸ் கார்களில் பிளந்த அச்சையே பயன்படுத்தினார்.

பழைய ஆஸ்டின் செவன் கார்களைப் பிரித்துப் பந்தயக் காராக மாற்றுவோர் 1939இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கிளப்பில் கூடினர். காசு குறைவு, உறுப்புகளும் கிடைப்பதில்லை. வில்பட்டைகளைத் தட்டையாக்குவது, அடுக்கில் ஒன்றிரண்டைக் கழற்றுவது, உராய்வுத் தணிப்பானை இறுக்குவது ஆகியவை வீட்டுக் கொட்டகையிலேயே நடந்தன. சாப்மனின் முதல் காரும் ஆஸ்டின் செவனிலிருந்து இப்படிப் பிறந்ததுதான்.

மக்ஃபர்சன் தூண்

வீட்டுக் கொட்டகைக்கு முதல் பெரிய தடையாக வந்தது ஓர் எளிமையான கண்டுபிடிப்பு. ஜெனரல் மோட்டார்ஸில் சிறிய செவ்ரலே கார் ஒன்றை வடிவமைத்துவந்த ஏர்ல் மக்ஃபர்சன், அத்திட்டம் 1947இல் கைவிடப்பட்டபின் ஃபோர்டுக்குச் சென்றார். அவர் வடிவமைத்த தூணில் சுருள்வில், தணிப்பான், சக்கரம் திரும்பும் அச்சு மூன்றும் ஒன்றாகின. 1950இல் லண்டனில் காட்சிக்கு வந்த பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சல், செஃபர் கார்களில் இது இடம்பெற்றது. உறுப்புகள் குறைந்ததால் செலவும் இடமும் மிச்சமாயின. இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது இதுதான்.

ஹார்ட்ஃபோர்டு தணிப்பானைக் கழற்ற இரண்டு போல்ட் போதும். மக்ஃபர்சன் தூணைப் பிரிப்பது வேறு கதை. அதன் சுருள்வில் எப்போதும் அழுத்தத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். மேல் நட்டைக் கழற்றுவதற்கு முன் அழுத்துகருவியால் வில்லை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கருவி நழுவினால் வில் பாய்ந்து எலும்பை முறிக்கும்; உயிரையும் எடுக்கலாம். திரும்பப் பூட்டியபின் சக்கரங்களின் கோணம் மாறியிருக்கும் என்பதால் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இதைத் தாமே செய்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஸ்பேனரோடு ஒரு பிற்பகல் என்ற காலம் அத்துடன் முடிந்தது.

தணிப்பான் நிறுவனங்களின் புதிய வாய்ப்பும் இங்கேதான் திறந்தது. நெதர்லாந்தின் கோனி நிறுவனம் 1857இல் குதிரைச் சேணத் தொழிலாகத் தொடங்கி, 1932இல் தணிப்பான் தயாரிப்புக்கு வந்தது. தேய்ந்தபின் தூக்கி எறியாமல் மறுபடி இறுக்கிச் சரிசெய்யக்கூடிய தணிப்பான்களால் அது பெயர் பெற்றது. பிரெஞ்சு அறிவியலாளர் கிறிஸ்தியான் தெ கார்பான் வேறொரு சிக்கலைத் தீர்த்தார். தொடர்ந்து குலுங்கும் எண்ணெயில் குமிழிகள் தோன்றி நுரைத்துவிட்டால் தணிப்பு போய்விடும். ஒரே குழாய்க்குள் எண்ணெயையும் உயர் அழுத்த வாயுவையும் பிரித்து அடைத்தால் நுரை எழாது. இந்த உரிமையைப் பெற்ற ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகத் தொடர் உற்பத்தியைத் தொடங்கியது.

தாழ்த்துதலும் சட்டமும்

காரைத் தரையோடு தாழ்த்தும் வழக்கம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குறிப்பாக மெக்சிக வம்சாவளி இளைஞரிடையே பரவியது. பின்பெட்டியில் மணல்மூட்டை ஏற்றுவது, சுருள்வில்லை வெட்டுவது என்று அது தொடங்கியது. காரின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது என்று அம்மாநிலத்தின் சட்டம் 1958இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே, விமானத்தில் பயன்பட்ட நீரியல் பம்புகளையும் வால்வுகளையும் தம் கார்வெட் காரில் பொருத்தினார். பொத்தானை அழுத்தினால் கார் சட்டம் சொல்லும் உயரத்துக்கு எழும். காவலர் போனபின் இறங்கும். ஆடித் துள்ளும் 'லோரைடர்' கார்கள் இப்படித்தான் பிறந்தன. சட்டத்தை ஏய்க்கச் செய்த கருவி ஒரு சமூகத்தின் கலையாகவே ஆகிவிட்டது.

வில்லை வெட்டுவது மட்டும் எல்லா நாடுகளிலும் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. அதன் கணக்கு எளியது. பத்துச் சுற்றுகள் இயங்கும் சுருள்வில்லில் இரண்டை வெட்டினால் மிச்சமுள்ள எட்டும் 25 விழுக்காடு கூடுதல் கடினமாகிவிடும். கார் ஆடும் வேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏறும். பழைய தணிப்பானுக்கு இந்த வில்லை அடக்கும் வலு போதாது. வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் ஏற வேண்டிய தூரம் குறைந்ததால் ரப்பர் தடுப்பில் இடிக்கும். மக்ஃபர்சன் தூண் கொண்ட காரில் இன்னொன்றும் சேரும்: உடலின் எடைமையம் இறங்குவதைவிட வேகமாக அது சாயும் அச்சு கீழே இறங்கிவிடுவதால், தாழ்த்திய கார் திருப்பத்தில் எதிர்பார்த்த அளவு நிமிர்ந்து நிற்காது. அழகுக்காக வெட்டுபவர் பிடிமானத்தையும் சேர்த்தே வெட்டுகிறார். நல்ல சிறப்புப் பட்டறைகள் வில்லையும் தணிப்பானையும் இணையாக மட்டுமே மாற்றுவது இதனால்தான். உயரத்தைத் திருகு மரையால் மாற்றும் 'காயில்ஓவர்' தொகுப்புகளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

2002இல் காடிலாக் செவில் காரில் வந்த காந்தவிசைத் தணிப்பான் இந்தத் துறையை மறுபடி தொழிற்சாலையின் பக்கம் சாய்த்தது. அதன் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்சாரம் பாய்ந்தால் அவை வரிசையாக நின்று திரவத்தைக் கெட்டியாக்கும். எவ்வளவு பாய்ச்சுவது என்பதைக் கணினி முடிவு செய்யும். அத்தகைய காரில் வேறு தணிப்பானைப் பூட்டினால், கணினி தன் உறுப்பைக் காணாமல் எச்சரிக்கை விளக்கை எரியவிடும்.

இந்தியச் சாலைகளில்

இந்தியாவில் தேவை வேறு திசையில் இருந்தது: காரைத் தாழ்த்துவது அல்ல, உயர்த்துவது. 1950களின் இறுதியில் உத்தர்பாராவில் தயாரிப்பு தொடங்கி 2014 வரை வந்த அம்பாசடர், முன்பக்கத்தில் முறுக்குத் தண்டும் பின்பக்கத்தில் வில்பட்டையும் கொண்டது. வில்பட்டை, பட்டறைக்காரர் கைக்கு அடங்கிய பொருள். தொய்ந்த பட்டையைக் கழற்றி, சூடாக்கி, அடித்து வளைவு ஏற்றுவதும், சுமை அதிகமென்றால் அடுக்கில் ஒரு பட்டை கூட்டுவதும் லாரிகளிலிருந்து டாக்சிகளுக்கு வந்த வேலைகள். ஆறேழு பேரை ஏற்றி மண்சாலையில் ஓட வேண்டிய காருக்கு அது நியாயமான மாற்றமே. ஆனால் காலியாகப் போகும்போது பின்பக்கம் குதிக்கும்.

1980களில் மாருதி 800 மக்ஃபர்சன் தூணைச் சாதாரணக் குடும்பங்களிடம் கொண்டுவந்தபோது இந்தப் பட்டறை அறிவின் பெரும்பகுதி அதற்குப் பயன்படவில்லை. தூணைத் தட்டி வளைவு ஏற்ற முடியாது, மாற்றத்தான் முடியும். சாலைப் பள்ளங்களுக்கும் வேகத்தடைகளுக்கும் அஞ்சிய உரிமையாளர்கள், சுருள்வில்லின் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் துண்டு செருகும் மலிவான வழியைக் கண்டார்கள். துண்டு செருகிய சுற்று இயங்காது. ஆகவே இதுவும் வில்லை வெட்டியதற்கு ஒப்பான விளைவைத் தரும். உயரம் கூடுகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. தேய்ந்த தணிப்பானுக்குப் பதில் அதே வகை தணிப்பானைப் பூட்டுவது பராமரிப்பு, அதில் சிக்கலில்லை. மாருதிக்குக் காயில்ஓவர் பூட்டி நான்கு அங்குலம் தாழ்த்துபவர் கேள்விக்கு உள்ளாவார்.

அந்தப் பராமரிப்புக்காக உறுப்புக் கடைக்குச் செல்பவர் வாங்கும் அட்டைப் பெட்டிகள் பலவற்றில் 'கேப்ரியல்' என்று அச்சிட்டிருக்கும். கேப்ரியல் இந்தியா நிறுவனம் 1961இல் அமெரிக்க கேப்ரியலின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. அதன் ஆலைகளில் ஒன்று ஓசூரில் இயங்குகிறது. கிளீவ்லண்டில் ஃபாஸ்டர் தம் ஊதுகொம்புக்கு இட்ட பெயர்தான் அது.